நிலநூற் கல்வியும் நமது கரையும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இளைஞர் கல்லூரியிற் புவியமைப்பியல் பயில விரும்பின், "கல்லையும் மண்ணையும் படித்துச் சோறு உண்ணலாகுமோ?" என இல்லத்தார் தடுக்கின்றனர். இவ்வினாவிற்கு யாம் அறிந்த அளவில் விடை கூறப் புகுகின்றேம்.

நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் எனப் பகுத்து, அதனோடு மக்கள் ஒழுக்கத்தைப் பொருத்திக் கண்டது தமிழ் மரபு. ஆதலின் நிலநூல் நமக்கு அயல் நூலன்று.

பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை, இன்று கடலினின்று ஏறக்குறைய 6 கிலோமீட்டர் உள்ளே வயல் சூழக் கிடக்கின்றது. காரணம் யாது? பொதிகையிற் பிறந்த தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கழிமுகத்திற் படியப் படியக் கரை கிழக்கே வளர்ந்தது. கடல் எட்டிப் போயிற்று. வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்த அக்காயலும் அவ்வாறே கடலை இழந்தது. இவ்விரண்டு ஊர்களையும் ஆராய்ந்து கால்டுவெல் 1877இல் எழுதினார்.

இவ்வுண்மை ஏட்டுப் படத்தால் மட்டும் விளங்குவதன்று. ஆசிரியர் மாணவரைக் கொற்கையில் முதற்கண் நிறுத்துக. பழையகாயல் வழியாகப் புன்னைக்காயல் வரை நடத்துக. அதன் பின்னரே வரைபடமும் செயற்கைக்கோட் படமும் காட்டுக. பிறிதொரு நாள் குதிரைமொழித் தேரிக்கு அழைத்துச் சென்று, காற்றுக் குவித்த மணல் இரும்புத் துருவாற் சிவந்தமையைக் கையில் அள்ளிக் காட்டுக. காயல், தேரி, கழிமுகம், திட்டு என்பன நம் மூதாதையர் நிலவடிவிற்கு இட்ட பெயர்களே.

கடலடியும் நிலமே. முத்துச் சிப்பி பற்றி வாழும் கற்பாரை மணல் மூடின் சிப்பி அழியும். 1961இல் நிகழ்ந்த முத்துக்குளிப்பிற்குப் பின் அத்தொழில் ஓய்ந்தது. பார் அறிந்த முதியோர் அருகி வருகின்றனர். அவர் வாய்மொழியை மாணவர் குறித்துக் கொள்ளாவிடின் அவ்வறிவும் அவரோடு மறையும்.

இனிப் பயனைக் கேண்மின். 1974இற் பெருந்துறைமுகமான நம் புதிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் கடலுட் செல்வன. அத்தகைய சுவர் மணலின் போக்கை மாற்றும்; ஒருபால் மணல் சேரும், ஒருபால் கரை தேயும். மன்னார்க் குடாவின் 21 தீவுகளுள் இரண்டு நீருள் மூழ்கின. பவளப்பாறையைச் சுண்ணாம்பிற்கெனப் பல்லாண்டு பெயர்த்தமை அலைக்கு வழி திறந்தது. நம் கண்ணெதிரே வான்தீவும் தேய்ந்து சிறுத்தது. அதனைக் காக்கச் செயற்கைப் பார்கள் கடலில் இறக்கப்பட்டன. எங்கே சுவர் எழுப்புவது, எங்கே நன்னீர்க் கிணறு தோண்டுவது, எக்கரையில் வீடு கட்டலாகாது என்று சொல்ல வல்லார் நம்மவருள் வேண்டாவோ? பிறர் வந்து சொல்லும் வரை கடல் காத்திராது.

நம் ஊர் வ. உ. சிதம்பரம் கல்லூரியிலேயே புவியமைப்பியல் கற்பிக்கப்படுகின்றது. விரும்பும் ஆண் மக்களையும் பெண் மக்களையும் தடுக்காதீர். சங்கத்தின் கல்வி உதவியில் இத்துறைக்கும் ஓர் இடம் தருக. கடலறிந்த பெரியோர்களே! மாணவர் நும் வாயிலுக்கு வருங்கால் அறிந்தன அனைத்தும் உரைமின் என்று வேண்டி அமைகின்றேம்.