பதினஞ்சு கிலோ ரெமிங்டன்

போன வாரம் எபிசோட் வரல. "ப்ரோ எங்க போயிட்டீங்க"ன்னு நாலு பேர் கேட்டிருந்தீங்க. எங்கயும் போகல, மேற்கு தாம்பரத்துலதான் இருந்தேன். கையெல்லாம் கிரீஸ். ஏன்னு கடைசியில சொல்றேன்.

இது ஆரம்பிச்சது ஒரு செயின்சா வீடியோவுலதான். ராத்திரி ரெண்டு மணிக்கு யூடியூப் என்னை எங்கயோ இழுத்துட்டுப் போயிடுச்சு. அமெரிக்காவுல ஒரு தாத்தா பழைய மரம் அறுக்கிற மெஷினா தேடித் தேடி வாங்குறார். 1949-ல வந்த மெக்கலாக் 3-25 ஒண்ணு கிடைச்சதும் குழந்தை மாதிரி குதிக்கிறார். நமக்கு செயின்சான்னா 2016 டிசம்பர் வர்தா புயல்தான் ஞாபகம் வரும். புயல் அடிச்ச மறுநாள் தாம்பரத்துல எந்தத் தெருவுல நின்னாலும் அந்தச் சத்தம்தான். அதைப் போய் யாராவது சேர்ப்பாங்களான்னு சிரிச்சுட்டே நாலு வீடியோ பார்த்து முடிச்சேன். அஞ்சாவதுல எனக்கும் ஆசை வந்துடுச்சு, நமக்கும் இந்த மாதிரி ஒரு பழைய அமெரிக்க இரும்பு வேணும்னு.

நம்ம ஊர்ல பழைய செயின்சா கிடைக்காது. ஆனா இங்க ஆபீஸ், கோர்ட், பள்ளிக்கூடம்னு எல்லா இடத்துக்கும் வந்து சேர்ந்த அமெரிக்க இரும்பு ஒண்ணு இருக்கு. டைப்ரைட்டர்.

தேட ஆரம்பிச்ச இடம் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பழைய டிரங்க் ரோடு ஓரமா செடி, காய்கறி, புறா, மீன் தொட்டின்னு போயிட்டே இருக்கும். நடுவுல ஒரு தார்ப்பாய் விரிச்சு ரிமோட், செத்துப்போன மதர்போர்டு, பித்தளைக் குழாய், ஒத்தைச் செருப்பு. வெள்ளிக்கிழமை எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். ஸ்டாண்ட்அப் மீட்டிங்கை ம்யூட்ல போட்டுட்டு சந்தையில நடந்திருக்கேன். மேனேஜர் இதைக் கேட்க மாட்டார்ங்கிற தைரியத்துல சொல்றேன்.

மூணு மாசத்துல ரெண்டு மெஷின் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு அண்டர்வுட், துருப்பிடிச்சு எழுத்துக் கம்பியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிருந்தது. இன்னொண்ணு ஃபேசிட். இது அமெரிக்கா இல்ல, ஸ்வீடன் பேரு. ஆனா அந்தக் கம்பெனியோட ஆலை பெருங்குடியில இருந்தது. இன்னிக்கு நான் கோடு எழுதுற அதே பெருங்குடி! ஐடி கம்பெனிகள் வர்றதுக்கு முன்னாடியே அங்க கீபோர்டு செஞ்சிருக்காங்க. அதை வாங்காம வந்துட்டேன். அமெரிக்க மெஷின்தான் வேணும்னு பிடிவாதம். இப்போ யோசிச்சா அது சுத்த முட்டாள்தனம்.

எப்படித் தேடணும்னு கேட்டிருந்தீங்க. பெயின்ட்டைப் பார்க்காதீங்க. கேரியேஜை ஒரு பக்கம் ஓரமா தள்ளுங்க, பெரும்பாலான மெஷின்ல அடியில இரும்பு உடம்புல ஒரு நம்பர் குத்தியிருக்கும். அதை வெச்சு எந்த வருஷத்து மெஷின்னு கிட்டத்தட்ட கண்டுபிடிச்சிடலாம். அப்புறம் ரப்பர் ரோலர்ல நகத்தை வெச்சு அழுத்திப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா பேப்பர் வழுக்கும். கேரியேஜ் தானா இடதுபக்கம் நகரலைன்னா பயப்பட வேண்டாம், உள்ள இழுக்கிற கயிறு அறுந்திருக்கும், அவ்ளோதான். மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு போதும். அதுவும் சந்தையிலயே கிடைக்கும்.

கொஞ்சம் வரலாறு, போரடிக்காம சொல்லிடறேன். ரெமிங்டன் துப்பாக்கி செஞ்ச கம்பெனி, தையல் மெஷினும் செஞ்சாங்க. 1874-ல அவங்க வித்த முதல் டைப்ரைட்டர்ல தையல் மெஷின் மாதிரியே கால் மிதி இருந்தது. மிதிச்சா கேரியேஜ் திரும்பி வரும். அதுல பெரிய எழுத்து மட்டும்தான். ஷிஃப்ட் வந்தது 1878-ல, ரெண்டாவது மாடல்ல. ஷிஃப்ட்னு ஏன் பேருன்னா, அமுக்கினா நிஜமாவே உள்ள ஒரு பாகம் இடம் மாறும். காலேஜ்ல நாலு வருஷம் கம்ப்யூட்டர் படிச்சேன், இதை எனக்கு யாரும் சொல்லல. கிட்-ல வர்ற சிஆர்எல்எஃப் வார்னிங் இருக்கே, அதுல சிஆர்னா கேரியேஜ் ரிட்டர்ன். ஆஸ்கி நம்பர் 13. பேப்பரை ஒரு வரி மேல தள்ற லைன் ஃபீட் 10. விண்டோஸ் ரெண்டையும் வெச்சுக்கிட்டது, லினக்ஸ் ஒண்ணைத் தூக்கிப் போட்டது. அந்தச் சண்டையில நான் ஒரு முழு ஞாயித்துக்கிழமையைத் தொலைச்சிருக்கேன். இன்னொண்ணு, 1951-ல வந்த யூனிவாக் கம்ப்யூட்டரை வித்ததும் இதே ரெமிங்டன் ராண்ட்தான்.

தமிழுக்கு வந்தா ஆர்.முத்தையா. யாழ்ப்பாணத்துல பிறந்து மலாயாவுக்குப் போனவர், தமிழ் டைப்ரைட்டருக்கு விசைப்பலகை அமைச்சவர். இத்தனை எழுத்தை நாற்பத்திச் சொச்சம் விசையில எப்படி அடக்குறது? நகரா விசைன்னு ஒண்ணு. அதை அடிச்சா எழுத்து விழும், கேரியேஜ் நகராது. முதல்ல புள்ளி அடிக்கணும், அப்புறம் க. ரெண்டும் ஒரே இடத்துல விழுந்து க் ஆயிடும். நாம எழுதுறப்போ க-வை எழுதிட்டுத்தானே புள்ளி வைப்போம், மெஷின்ல தலைகீழ். இதை இரும்புல பண்ணியிருக்காங்க மக்களே.

சரி, கதைக்கு வர்றேன். சந்தையில ஒரு கடைக்கார அண்ணன்தான் சொன்னார், "தம்பி, இங்க ஏன் தேடுற, மூடுற இன்ஸ்டிட்யூட்டா பாத்துப் போ". மேற்கு தாம்பரத்துல ஒரு மாடி. அங்க டைப்ரைட்டிங் மாஸ்டருக்கு எழுபதுக்கு மேல வயசு. பதினொரு மெஷின் இருந்த இடத்துல மூணுதான் மிச்சம். மத்த எட்டையும் காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துட்டுப் போயிட்டாராம். மூணுல ரெண்டு நம்ம ஊர் தமிழ் மெஷின். ஒண்ணு, ஜன்னலோரம், ரெமிங்டன் ராண்ட் மாடல் 17. 1940கள்ல அமெரிக்காவுல செஞ்சது. பதினஞ்சு கிலோ பக்கம் இருக்கும். எனக்குக் கை நடுங்குச்சு.

"சார், இதைக் குடுப்பீங்களா?"

"குடுக்கலாம் தம்பி. ஆகஸ்ட் எக்ஸாம் முடியட்டும். ஒரு பொண்ணு இதுலதான் ஹையர் பிராக்டிஸ் பண்ணுது."

அது ஜூன் மாசம். தெரியாதவங்களுக்கு, நம்ம ஊர்ல தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருஷத்துக்கு ரெண்டு தடவை தட்டச்சுத் தேர்வு நடத்துது, பிப்ரவரியும் ஆகஸ்ட்டும். கம்ப்யூட்டர் இல்ல, இந்த மெஷின்லதான். இங்கிலீஷ் ஹையர்னா நிமிஷத்துக்கு 45 வார்த்தை, பத்து நிமிஷம் விடாம. குரூப் 4-ல டைப்பிஸ்ட் வேலைக்கு இந்தச் சான்றிதழ் வேணும். தேர்வு அன்னிக்கு மெஷினை வண்டியில ஏத்தி மையத்துக்குக் கொண்டு போவாங்க.

இதெல்லாம் அப்போ எனக்கு உறைக்கல. வேற யாராவது வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்களோங்கிற பயம்தான். சொன்ன விலைக்கு மேல ரெண்டாயிரம் வெச்சேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. வாடகை பாக்கி இருந்திருக்கு, அது எனக்கு அப்புறம்தான் தெரியும். "அந்தப் பொண்ண வேற மெஷின்ல உக்கார வெச்சுக்கறேன்"னு சொல்லிட்டார். ஆட்டோவுல மடியில வெச்சுத் தூக்கிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இன்ஜினியர் மூளை வேலை செஞ்சுது. எழுத்துக் கம்பியெல்லாம் அரைவட்டமா ஒரு இரும்புச் சீப்புக்குள்ள நுழைஞ்சிருக்கும். அந்தச் சீப்பு நிறைய தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். முதல் ரெண்டு நாள் வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. இன்ஸ்டாவுல ரீல் போட்டேன், லைக் எல்லாம் வந்துச்சு. மூணாவது வாரம் எண்ணெயில தூசி சேர்ந்து பசை ஆயிடுச்சு. 'இ' அடிச்சா கம்பி பாதி வழி போய் அப்படியே நிக்கும், வணக்கம் சொல்ற மாதிரி. அந்த இடத்துல எண்ணெயே விடக் கூடாதாம். சேகரிக்கிறவங்க எல்லாருக்கும் இது முதல் பாடம், நான் வீடியோவுல அதை ஓட்டிவிட்டிருக்கேன்.

ஜூலை கடைசியில மாஸ்டர் போன் பண்ணினார். அந்தப் பொண்ணு பழகுறதுக்காக இன்னொரு இன்ஸ்டிட்யூட்ல கேட்டு வாங்கின மெஷின்ல ஸ்பிரிங் போயிடுச்சு. "தம்பி, ஒரு ரெண்டு வாரத்துக்கு அந்த ரெமிங்டன்..." அவர் முடிக்கிறதுக்குள்ள நான் சரின்னுட்டேன். மெஷின் என்ன நிலைமையில இருக்குன்னு சொல்லல.

நாலு ராத்திரி. பெட்ரோல், பழைய டூத் பிரஷ், மொட்டை மாடி. தேய்ச்சாலும் தேய்ச்சாலும் கறுப்பா வந்துட்டே இருக்கு. மத்த எழுத்தெல்லாம் சரியாச்சு, 'இ' மட்டும் இழுத்துச்சு. இங்கிலீஷ்ல அதிகமா வர்ற எழுத்தே அதுதான். கொண்டு போய் வெச்சேன். அந்தப் பொண்ணு உட்கார்ந்து ஒரு பாரா அடிச்சுது. கையை எடுத்துட்டு என்னைப் பார்த்து, "அண்ணா, இது முன்னாடி இப்படி இல்லையே"ன்னுச்சு. கோபமாக் கூட இல்ல.

கடைசியில மையத்துல யாரோட மெஷின்லயோ எழுதுச்சு. தொட்டுப் பழகாத மெஷின். ஸ்பீடு பேப்பர் போயிடுச்சு. அதுக்கு அந்த மெஷின்தான் காரணம்னு நான் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. மாஸ்டர் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. அதுதான் தாங்க முடியல.

ரெமிங்டன் இப்போ திரும்ப அந்த ஜன்னலோரம்தான் இருக்கு. பணம் திருப்பிக் கேட்கல, அவரும் கொடுக்குற நிலைமையில இல்ல. சனிக்கிழமை சனிக்கிழமை போறேன். பழைய மெஷின் வாங்கணும்னு என்கிட்ட விசாரிச்சவங்களுக்கு ஒண்ணு கேட்டுக்கறேன். நாம ஷெல்ஃப்ல வைக்கறதுக்கு அதிக விலை குடுத்தா, பழகுறதுக்கு வாங்குறவங்களால வாங்க முடியாது. ஓடாத மெஷினைத் தேடி எடுத்து ஓட வைங்க, நானும் இப்போ அதைத்தான் பண்றேன். சந்தையில விட்டுட்டு வந்த ஃபேசிட்டைத் தேடிப் போனேன், அது வித்துப் போச்சு. அந்தத் துருப்பிடிச்ச அண்டர்வுட் இன்னும் தார்ப்பாயில கிடக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை அதைத் தூக்கப் போறேன்.

போன வாரம் எபிசோட் வராததுக்குக் காரணம் இதுதான். ரெமிங்டனை மறுபடியும் கழட்டி 'இ' கம்பியை வெளிய எடுத்துப் பார்த்தேன். லேசா வளைஞ்சிருக்கு, பசை மட்டும் இல்ல. மாஸ்டர் இடுக்கியால பிடிச்சு நிமிர்த்தினார், எனக்கு அந்தத் தைரியம் வரல. பிப்ரவரி எக்ஸாமுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. நேத்து அந்தப் பொண்ணு அடிச்சப்போ பத்து நிமிஷத்துல ரெண்டு தடவைதான் மாட்டுச்சு.