நாரா நகரக் கோயில்களின் நடுவே

ஜப்பானுக்குச் செல்பவர்களில் பலர் டோக்கியோவையும் கியோத்தோவையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். கியோத்தோவிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்திற்குள் அடங்கும் நாராவுக்கு அரை நாள் ஒதுக்கினால் அதுவே பெரிது. கி.பி. 710இல் அந்நாட்டின் தலைநகராகி, இடையே சில ஆண்டுகள் நீங்கலாக 784 வரை அவ்வாறே விளங்கிய ஊர் அது. அலுவல் நிமித்தம் ஜப்பான் சென்றிருந்த நானும், வேலையில்லாத ஒரு நாளில், அரை நாள் என்று எண்ணித்தான் சென்றேன். மாலை வரை தங்கிவிட்டேன். அதற்குக் காரணம் எனக்கு வழிகாட்டியாக வாய்த்த முதியவர். ஊதியம் பெறாமல் அயல்நாட்டவர்க்கு ஊரைச் சுற்றிக் காட்டும் தொண்டர்கள் அங்கு உண்டு. இவர் அவர்களில் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். “வண்டி வேண்டாம், நடந்தால்தான் நாரா தெரியும்” என்று சொல்லி, மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு அவர் முன்னே நடந்தார்.

ரயில் நிலையத்தை விட்டுச் சிறிது தொலைவு ஏறியதும் கோஃபுகுஜி என்னும் ஆலயம். 1426இல் மீண்டும் எழுப்பப்பட்ட அதன் ஐந்தடுக்குக் கோபுரம் ஐம்பது மீட்டர் உயரமுடையது. திருப்பணி நடைபெறுவதால் அதனை முழுவதும் மூடியிருந்தனர். கீற்று வேய்ந்த சாரங்களுக்குள் நம் கோபுரங்கள் மறைந்திருப்பதைக் கண்டு பழகிய எனக்கு அது ஏமாற்றமாகத் தோன்றவில்லை. ஆனால் ஆலயத்தின் அருங்காட்சிக் கூடத்தில் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. மூன்று முகமும் ஆறு கரமும் கொண்ட ஓர் இளைஞனின் உருவம். 734ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெயரைக் கேட்டேன். “அஷுரா” என்றார் வழிகாட்டி.

அசுரன்! கோரைப்பல்லும் பிதுங்கிய விழியும் இல்லாத அசுரனை நான் கண்டதில்லை. புருவம் சற்றே நெரிய, செய்த பிழையை நினைந்து வருந்தும் பிள்ளையைப் போல் கைகூப்பி நிற்கிறான். புத்தரின் உபதேசம் கேட்டுக் காவலராய் மாறிய எண்மரில் அவன் ஒருவன். கருடனும் கின்னரனும் கந்தர்வனும் உடன் நிற்கின்றனர். துணியை அரக்குச் சாந்தில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, உட்புறத்தை வெற்றிடமாக விட்டுச் செய்தவை இவ்வுருவங்கள். எனவே எடை மிகக் குறைவு. அந்த ஆலயம் பலமுறை தீக்கிரையாயிற்று. ஒவ்வொரு முறையும் துறவிகள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியனவாய் இருந்தமையால்தான் இவை பிழைத்தன என்று அவர் விளக்கினார்.

அங்கிருந்து தோடாய்ஜி ஆலயத்திற்குப் பூங்காவின் ஊடே வழி. ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் அங்கே தம் விருப்பம்போல் திரிகின்றன. தவிட்டு அப்பளம் விற்கும் மூதாட்டியரிடம் ஒரு கட்டு வாங்கிவிட்டால், மான்கள் தலை தாழ்த்தி வணங்குகின்றன. கட்டுத் தீர்ந்தபின் வணக்கமும் தீர்ந்துவிடுகிறது.

ஆலயத்தின் தெற்குப் பெருவாயில் 1199இல் எழுந்தது. அதன் இருபுறமும் எட்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த இரண்டு மரத் துவாரபாலகர்கள். உன்கெய், காய்கெய் என்னும் சிற்பிகளின் கூட்டத்தார் 1203இல் அறுபத்தொன்பது நாளில் செதுக்கி முடித்தவை. ஒருவர் வாய் திறந்து ‘அ’ என்கிறார். மற்றவர் வாய் மூடி ‘உன்’ என்கிறார். தொடக்கமும் முடிவுமாம். அந்த ‘அ’வைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி தம் மொழியின் எழுத்து வரிசையை ஒப்பித்தார்: அ, இ, உ, எ, ஒ, பிறகு அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ‘ஹ’ என்பது முற்காலத்தில் ‘ப’வாக ஒலித்ததாம். பௌத்தத் துறவிகள் இந்திய எழுத்துகளைக் கற்றதன் பயனாக அமைந்த வரிசை இது என்பர் அறிஞர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான், திண்ணைப் பள்ளிச் சிறுவனைப்போல் அவரோடு சேர்ந்து அதை இருமுறை சொன்னேன்.

பெரிய புத்தர் மண்டபத்தில் வைரோசன புத்தரின் வெண்கல உருவம் பதினைந்து மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது. ஷோமு என்னும் பேரரசர் 743இல் ஆணையிட்டு வார்ப்பித்தது. அதனை நிமிர்ந்து நோக்கிக்கொண்டிருந்தபோதுதான் வழிகாட்டி என் ஊரை விசாரித்தார். டெல்லியில் வேலை, சொந்த ஊர் தெற்கே தமிழ்நாட்டில் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “நான் தென்ஜிகு!” என்றார்.

ஜப்பானிய மொழியில் ‘நான்’ என்றால் தெற்கு. ‘தென்ஜிகு’ என்பது இந்தியாவுக்கு அவர்கள் வழங்கிய பழம்பெயர். தலைநகரில் ‘மதராசி’ என்றே அழைக்கப்பட்டுப் பழகிவிட்ட என் காதில், அந்தச் சொல் தமிழாகவே வந்து விழுந்தது. “அப்படியானால் போதிசேனர் உங்கள் ஊர்ப்பக்கத்தவர். அவரைப் பற்றி அங்கே என்ன சொல்கிறார்கள்?” என்று அவர் கேட்டார்.

நேயர்களே, காஞ்சியிலிருந்து சென்றதாகச் சொல்லப்படும் போதிதர்மரை நான் அறிவேன். போதிசேனர் என்ற பெயரை அன்றுதான் கேட்டேன். அதை ஒப்புக்கொள்ள நாணமாக இருந்தது. முதியவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு தூணருகே அமர்ந்து, எனக்கு அந்த வரலாற்றைக் கூறினார். இந்தியத் துறவியான போதிசேனர் சீனத்தில் இருந்தபோது ஜப்பானியத் தூதரால் அழைக்கப்பட்டு, சம்பா நாட்டுத் துறவி ஒருவருடன் 736இல் அங்கு வந்து சேர்ந்தார். 752இல் பெரிய புத்தருக்குக் கண் திறக்கும் விழா. நம் ஊர்களில் சிற்பி கண் திறப்பது போன்றதே அதுவும். பேரரசர் ஷோமு அதற்குள் அரசு துறந்து உடல் தளர்ந்திருந்தார். தம் பொருட்டுத் தூரிகை பிடிக்குமாறு போதிசேனரை வேண்டினார். அந்தத் தூரிகையில் நீலப் பட்டுக் கயிறு ஒன்றைப் பிணைத்து, கீழே கூடியிருந்தவர்கள் பற்றிக்கொண்டனர்; கண் எழுதும் பேறு அத்தனை பேருக்கும் கிட்டிற்று. போதிசேனர் நாடு திரும்பவில்லை. 760இல் நாராவிலேயே மறைந்தார். 770இல் சீடர் ஒருவர் எழுதிய நினைவுரை அவரைத் தென்னிந்தியர் என்றே குறிக்கிறது.

நான் மீண்டும் நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தேன். முதியவர் தலையசைத்தார். “அவர் எழுதிய கண் இதுவன்று” என்றார். 855இல் நில நடுக்கத்தால் தலை வீழ்ந்தது. 1180இல் உள்நாட்டுப் போரில் மண்டபமும் உருவமும் எரிந்தன. 1567இல் மீண்டும் தீ. அதன்பின் நெடுங்காலம் புத்தர் மழையிலும் வெயிலிலும் இருந்தார். இன்றுள்ள தலை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வார்த்தது. மண்டபம் 1709இல் முடிந்தது. முன்னதைவிட அகலம் குறைந்தது. பழைய பீடத்தின் தாமரை இதழ்கள் சில மட்டும் அந்நாளைய கோட்டோவியங்களுடன் எஞ்சியிருக்கின்றன. தூண் ஒன்றில் புத்தரின் மூக்குத் துளை அளவுக்கு ஓட்டை இட்டிருக்கிறார்கள். அதில் புகுந்து வருவதற்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றனர். அவர்களின் கூச்சலில் எங்கள் பேச்சு சிறிது நேரம் நின்றது.

“ஆனால் தூரிகை இருக்கிறது” என்றார் முதியவர் எழுந்து.

மண்டபத்திற்குப் பின்னே, மரங்களின் நடுவில், உயர்ந்த கால்களின்மேல் முப்பட்டை மரக் கட்டைகளை அடுக்கிக் கட்டிய பண்டகசாலை ஒன்று உண்டு. ஷோசோயின் என்று பெயர். ஷோமு மறைந்தபின் 756இல் அவர் மனைவியான பேரரசி கோம்யோ புத்தருக்குக் காணிக்கையாக்கிய பொருள்களிலிருந்து தொடங்கிய சேமிப்பு. 752இல் பிடித்த தூரிகையும் பற்றிய கயிறும் அந்தச் சேமிப்பில் இன்றும் இருக்கின்றன. 1185இல் புத்தருக்கு மீண்டும் கண் திறந்த அரசர் கோஷிரகாவா, அதே தூரிகையையே வெளியே எடுத்துவரச் செய்தாராம். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நாரா தேசியக் காட்சிசாலையில் இச்சேமிப்பின் சிறு பகுதியைப் பொதுமக்களுக்குக் காட்டுகிறார்கள். நான் சென்றது அந்தப் பருவம் அன்று. பார்வை நேரம் முடியுமுன் விரைந்து சென்று, அந்தப் பழைய கட்டடத்தை வேலிக்கு வெளியே நின்று கண்டதோடு சரி.

திரும்பும் வழியில், கயிறு எவ்வளவு நீளம் என்று கேட்டேன். முதியவர் நின்றார். குடையை நீட்டித் தொலைவில் ஒரு மரத்தைக் காட்டினார். “இங்கிருந்து அதுவரை வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு மீட்டர்.” பிறகு இருவரும் பேசாமல் அந்தத் தூரத்தை நடந்தோம், நான் அடிகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.