கருவி நம் கையில் இருந்தால் போதுமா?

(தங்கவயல் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

அன்புமிக்க பெரியோர்களே, தாய்மார்களே, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று பாடுபட்டுத் திரும்பும் இளந்தோழர்களே!

செல்போனைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் கேட்டார்கள். தேவைதான், தோழர்களே! ரேஷன் அரிசியா, பென்ஷனா, 2023-இல் தொடங்கிய கிருஹலட்சுமிப் பணமா, பிள்ளைக்குச் சாதிச் சான்றா, எதைக் கேட்டாலும் இன்று ஒரு கருவியைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கருவி பழுதானால், அல்லது அது நம்மை ஏற்க மறுத்தால், உழைத்துப் பெற்ற உரிமை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

புதிய கருவி வந்த ஊர் நம் ஊர். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 148 கிலோமீட்டர் கம்பியில் ஓடி வந்து சேர்ந்தது தங்கவயலில். பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்த மின்சாரம் யாருக்காக வந்தது? ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களின் இயந்திரங்களுக்காக வந்தது. தட்டி வீடுகளில் முடங்கிக் கிடந்த நம் பாட்டன் பாட்டிகளுக்காக அல்ல. கருவி ஊருக்கு வருவது ஒன்று. அது உழைப்பவன் வீட்டுக்கு வருவது வேறொன்று. இந்தப் பாடத்தை நாம் மறந்துவிடலாகாது.

தேய்ந்த ரேகைகள்

1930-இல் தொழிலாளர்களைப் பதிவு செய்து கைரேகை எடுக்க நிர்வாகம் முனைந்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று நிலைமை தலைகீழ். நாமே விரலை நீட்டுகிறோம். இயந்திரம் "பொருந்தவில்லை" என்கிறது! எப்படிப் பொருந்தும்? பாறையில் துளை போட்ட விரல்கள் அவை. சிமெண்டு கலக்கிய விரல்கள், பாத்திரம் தேய்த்த விரல்கள் அவை. உழைத்ததற்குக் கிடைத்த பரிசா ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்புவது?

தாய்மார்களே, இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கைரேகை பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் சலுகையை மறுக்கக் கூடாது, மாற்று வழியில் அடையாளம் பார்த்து வழங்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றை 2014 முதல் கைரேகை வைத்துக் கொடுத்தார்கள். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே கொடுக்கும் வழியும் வந்துவிட்டது. ரேகை தேய்ந்த பெரியவருக்கு இதைச் சொல்லி உதவ ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கே? அதுதான் நம் கேள்வி.

நகராட்சியின் கடமை

2015-இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கர்நாடகத்தில் 7 நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தங்கவயல் அதில் இல்லை. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பின் நம் பிள்ளைகள் பிற நகரங்களுக்குக் கட்டடம் கட்டவும் காவல் காக்கவும் போகிறார்கள். அந்த நகரங்கள் மின்னுகின்றன.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2002-இல் மலப்புறம் மாவட்டத்தில் அட்சயா திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக்கு ஒருவருக்குக் கணினி கற்றுக்கொடுக்க முனைந்தார்கள். பின்னர் உள்ளாட்சிகள் வீடு வீடாகக் கணக்கெடுத்து, தெரியாதவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேருக்குச் செல்போனும் இணையமும் பயிற்றுவித்தன. 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, வார்டுதோறும் வாரத்தில் ஒரு நாளாவது இலவச உதவி மேசை. இரண்டு, கருவி ஏற்காதவரைத் திருப்பி அனுப்பாமல், மாற்று வழியில் பதிவு செய்து எழுத்தில் ரசீது. மூன்று, அறிவிப்புகள் தமிழிலும். சேவாசிந்து தளம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. கன்னடம் நம் மண்ணின் மொழி. நம் பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் எழுபது வயதுத் தாய் இனி எந்தப் பள்ளிக்குப் போவார்? மொழிச் சிறுபான்மையினர் 15 விழுக்காடு வாழும் பகுதிகளில் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது நெடுநாளாக உள்ள பாதுகாப்பு ஏற்பாடு. நாம் பிச்சை கேட்கவில்லை.

நம் வீட்டு வேலை

கேட்பதோடு நின்றால் போதாது. சுரங்கத்தில் விளக்கைத் துடைத்து வைக்காமல் எவரும் கீழே இறங்கியதில்லை. செல்போனும் இன்று அத்தகைய ஆயுதமே.

முதலாவது, எண்ணைக் காப்பாற்றுங்கள். 90 நாள் பயன்படாமல் கிடக்கும் ப்ரீபெய்டு எண் துண்டிக்கப்படலாம். பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். நம் வங்கிக்கான ஓ.டி.பி. யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரும்! எண் மாறினால் ஆதாரிலும் வங்கியிலும் உடனே மாற்றுங்கள்.

இரண்டாவது, போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க எண் தெரியும். அதை ரேஷன் கார்டோடு குறித்து வையுங்கள். போன் தொலைந்தால் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண் வேண்டும்.

மூன்றாவது, தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். மழையில் நனைந்தால் அணைத்து, சிம்மைக் கழற்றி, காற்றில் உலர்த்துங்கள். ஈரத்தோடு சார்ஜரில் மாட்டாதீர்கள். பேட்டரி உப்பினால் குத்தாதீர்கள், குப்பையில் எரிக்காதீர்கள். கழிவு மின்பொருள் வாங்கும் இடத்தில் கொடுங்கள். சயனைடு மண்மேட்டுத் தூசியைச் சுவாசித்து வாழும் நாம், இன்னொரு நஞ்சை நம் கையாலேயே தெருவில் கொட்டலாமா?

நான்காவது, ரிப்பேருக்குக் கொடுக்கும்போது சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு கொடுங்கள். ஓ.டி.பி.யை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் களவு போனால் ஒரு நிமிடமும் தாமதியாமல் அழைக்க வேண்டிய எண் 1930. நம் முன்னோர் கைரேகைக்கு எதிராக நின்ற ஆண்டும் அதுவே, நமக்கு மறக்காது.

இளந்தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறோம். ஞாயிற்றுக்கிழமை ரயில் கிடையாது என்று எண்ணி, உங்கள் லைனில் உள்ள பெரியவர்களின் போன்களை வாங்கிப் பாருங்கள். யாருடைய எண் உயிரோடு இருக்கிறது, யாருக்கு ரேகை விழவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுகளைச் சேர்த்துக்கொண்டு நகராட்சிக்குப் போவோம். பெயரோடும் கணக்கோடும் போகிற கோரிக்கையை எவரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

நூற்றாண்டுக்கு முன் மின்சாரம் நம் தலைக்கு மேலே கம்பியில் போயிற்று. இம்முறை அப்படிப் போக விடமாட்டோம்.