குறை கேட்கும் காது
(கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

உதவித்தொகை கொடுப்பது நம் பணியில் பாதிதான். பெற்றோர் குறை சொல்லும்போது காது கொடுத்துக் கேட்பது மறுபாதி. கேட்க மறுத்தால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் ஒரு பாடம்.

அங்கே அரசுப் பள்ளிகளை நிர்வகித்தது வாக்கெடுப்பில் தேர்வான ஒரு குழு. 1963-ல் அதன் தலைவர் லூயிஸ் டே ஹிக்ஸ் என்ற பெண் வழக்கறிஞர். அந்த ஜூன் மாதம் ரூத் பாட்சன் என்ற பெண்மணி, கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் படும் பாட்டைக் குழுவிடம் எடுத்துரைத்தார். ‘நம் பள்ளிகளில் இனப் பிரிவினை இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்’ என்றார். குழு மறுத்துவிட்டது.

1965-ல் எலன் ஜாக்சன் போன்ற தாய்மார்கள் தாங்களே பணம் திரட்டி பஸ் அமர்த்தினார்கள். வேறு பகுதிப் பள்ளிகளில் காலியாக இருந்த இடங்களுக்குத் தம் பிள்ளைகளை அனுப்பினார்கள். குழு அந்தச் செலவை ஏற்கவில்லை. அதே ஆண்டு மாநில அரசு இனச் சமநிலைச் சட்டம் கொண்டுவந்தது. குழு அதையும் இழுத்தடித்தது. ‘வட்டாரப் பிள்ளைக்கு வட்டாரப் பள்ளி’ என்ற பேச்சு ஹிக்ஸுக்கு வாக்குகளை அள்ளித் தந்தது. 1967 மேயர் தேர்தலில் தோற்றாலும், 1970-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார்.

பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். குழு தெரிந்தே பிரிவினையை வளர்த்தது என்று நீதிபதி கேரிட்டி 1974 ஜூனில் தீர்ப்பளித்தார். செப்டம்பரில் பஸ்கள் ஓடின. தெற்கு பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகள் வந்த பஸ்கள் மீது கல் விழுந்தது. எதிர்ப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் அதே ஹிக்ஸ்.

தெற்கு பாஸ்டன் வெள்ளையர்களும் பெரும்பாலும் உழைப்பாளிகள், ஏழைகள். நகருக்கு வெளியே இருந்த வசதியானவர்களின் பள்ளிகளை அந்த உத்தரவு தொடவில்லை. சுமை இரு தரப்பு ஏழைகள் தலையில்தான் விழுந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் கோபம் எத்தனை நியாயமானாலும் பிள்ளைகள் மீது கல்லெறிய அது அனுமதி ஆகாது.

1963-ல் பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயம், பதினொரு ஆண்டு கழித்துக் காவலர் பாதுகாப்போடு நடந்தது. பதவியில் இருந்தவர்களுக்கு வாக்கு கிடைத்தது. பயத்தோடு பஸ் ஏறியது பிள்ளைகள்.

பள்ளி, ஜமாஅத், அறக்கட்டளை எதுவானாலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தாய் குறை சொல்லி வந்தால், ‘அப்படியெல்லாம் இல்லை’ என்பது நம் முதல் வார்த்தையாக இருக்கக் கூடாது. முதலில் உட்காரச் சொல்வோம். போய்ப் பார்ப்போம். பிறகு பதில் சொல்வோம்.