39 ஷில்லிங்



18ஆம் நூற்றாண்டு லண்டன். வேலைக்காரப் பெண் ஒருத்தி, எஜமானர் வீட்டிலிருந்து துணிமணியும் வெள்ளிக் கரண்டியும் எடுத்துக்கொண்டு போய் அகப்பட்டுக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளிருந்து திருடிய பொருள் 40 ஷில்லிங் பெறுமானால் தூக்கு. அன்றைய சட்டம் அப்படி. ஜூரர்கள் கூடிப் பேசிவிட்டு வந்து சொல்கிறார்கள்: குற்றவாளிதான், ஆனால் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங். ஒரு ஷில்லிங்கில் தலை தப்பியது.

இப்படி நடந்த வழக்குகள் ஏராளம். சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன், இது ஒருவகையில் புண்ணியத்துக்காகச் செய்யும் பொய்ச்சத்தியம் என்ற பொருளில் எழுதினார். வள்ளுவர் இடம்கொடுத்த வகைப் பொய் என்று நாம் சொல்லலாம். குற்றவியல் மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் தலையை ஆட்டுவார்கள். அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். கணினியில் வழக்கு வழக்காக அவர்களே தேடிப் பார்க்கும்போதுதான், ஒரே தொகை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்படித் தேட உதவுவது, லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்ற விசாரணைகளைத் தொகுத்திருக்கும் இணையதளம். டிம் ஹிட்ச்காக், ராபர்ட் ஷூமேக்கர் என்ற இரண்டு வரலாற்றுப் பேராசிரியர்கள் முன்னின்று நடத்திய வேலை. 2003இல் முதல் பகுதி வெளிவந்தது. 2008இல் முழுமை பெற்றது. 1674 முதல் 1913 வரை 1,97,745 விசாரணைகள். வீட்டிலிருந்தபடியே யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

இது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ப்போம். அந்தக் காலத்தில் நீதிமன்ற விசாரணைகளைச் சிறு வெளியீடுகளாக அச்சிட்டு விற்றார்கள். அவற்றின் நுண்படச் சுருள்கள் இருந்தன. ஆனால் பழைய அச்சில் எழுத்து மங்கியிருக்கும், மை பரவியிருக்கும், ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ மாதிரி நீண்டிருக்கும். கணினியைப் படிக்கச் சொன்னால் தப்பும் தவறுமாகப் படிக்கும். அதனால் 1834 வரையுள்ள பகுதியை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்தார்கள். இரண்டையும் கணினியில் ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மட்டும் ஆள் பார்த்துத் திருத்தினார். கடையில் பணத்தை இருவர் எண்ணிச் சரிபார்ப்பதைப் போலத்தான். பிற்காலப் பகுதிக்கு ஒரு தட்டச்சு, கணினி வாசிப்பு ஒன்று என்று வைத்துக்கொண்டார்கள். மொத்தம் சுமார் 12 கோடியே 70 லட்சம் சொற்கள்.

தட்டச்சு முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பாடம் கற்பிக்கும் தளத்துக்கும் பழைய பேப்பரைப் படம்பிடித்து அடுக்கி வைக்கும் தளத்துக்கும் வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒவ்வொரு விசாரணையிலும் எது குற்றம், எது தீர்ப்பு, எது தண்டனை, யார் குற்றம் சாட்டப்பட்டவர், யார் பாதிக்கப்பட்டவர் என்று குறியிட்டார்கள். அதனால்தான் ஒரு மாணவர், நாடுகடத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் தளம் எண்ணிச் சொல்கிறது. குறியிடுபவர் செய்வதும் ஒருவகைத் தீர்ப்புதான். சட்டைப்பையில் கைவிட்டதா, வழிப்பறியா என்பதை அவர் முடிவுசெய்தாக வேண்டும்.

எண்ணிச் சொல்வதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. 1790களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், விடுதலையான வழக்குகளை அச்சிட வேண்டாம் என்று லண்டன் நகர நிர்வாகம் உத்தரவிட்டது. எப்படித் தப்பிப்பது என்று திருடர்கள் அவற்றைப் படித்துத் தெரிந்துகொள்வார்களாம்! விவரம் தெரியாத மாணவர் வரைபடம் போட்டால், அந்த இரண்டு ஆண்டுகளில் லண்டனில் பிடிபட்டவர் அனைவருமே குற்றவாளிகள் என்றாகிவிடும். இந்தத் தளத்தை அமைத்தவர்கள் அச்சேறிய அறிக்கைகளின் வரலாற்றையும், அவற்றில் எது விடுபட்டது என்பதையும் தனிக் கட்டுரைகளாக எழுதி வைத்தார்கள். பணமதிப்பு, காவல், தண்டனை என்று வேறு கட்டுரைகளும் உண்டு. வழக்குகளை விட அவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

நமக்குத் தொடர்புள்ள ஒரு வழக்கும் அதில் இருக்கிறது. 1909 ஜூலையில் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்ட மதன்லால் திங்க்ரா விசாரிக்கப்பட்டது அந்த நீதிமன்றத்தில்தான். நம் வ.வே.சு. ஐயர் லண்டன் இந்தியா ஹவுஸ் புரட்சியாளர் வட்டத்தில் இருந்த காலம் அது. திங்க்ராவிடமிருந்து போலீசார் கைப்பற்றிய ஓர் அறிக்கை விசாரணையில் படிக்கப்படவில்லை. பிறகு லண்டன் நாளிதழ் ஒன்றில்தான் வந்தது. நீதிமன்றத்தில் பேசப்படாதது நீதிமன்றக் குறிப்பில் இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆவணத்தைத் திறப்பதில் பயனில்லை.

சரி, நம்மூர் வழக்குகளுக்கு இப்படி ஒரு தளம் அமைத்தால்? 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட வழக்கு போன்ற பழையவற்றில் சிக்கல் குறைவு. இன்றைய வழக்கு என்றால் பெயர் குறுக்கே நிற்கும். பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்; புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆம் பிரிவு. குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவர் கதை வேறு. தன் பெயர் தீர்ப்பில் இருப்பதால் வாழ்க்கை தடைப்படுகிறது என்று ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளை வெளியிடும் ஒரு தளம் அதை நீக்கவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட தீர்ப்பை எப்படி மறைப்பது என்பது ஒரு பக்கம். விடுதலையான பிறகும் வேலை கேட்டுப் போகுமிடமெல்லாம் தேடல் பட்டியலில் முதலில் வழக்கு வந்து நிற்பது மறுபக்கம். என் மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது. ஆனால் ஆய்வாளனாக உட்காரும்போது கை தயங்குகிறது.

மாணவர்களிடம் ஒருமுறை, நீங்கள் தளம் அமைத்தால் பெயர்க் கட்டத்தில் என்ன போடுவீர்கள் என்று எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவி தெளிவாக எழுதியிருந்தாள்: தண்டிக்கப்பட்டவருக்கு முழுப்பெயர், விடுதலையானவருக்கு முதலெழுத்து மட்டும். எனக்கும் சரியென்றுதான் பட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: “கீழ்க்கோர்ட்டில் தண்டனை, மேல்முறையீட்டில் விடுதலை என்றால்?”

அவள் எழுந்து வந்து, என் மேசையிலிருந்த தன் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.