மீன் தொட்டியில் பாசி: வரவைக் குறைத்தால் போதும்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



நம் குடியிருப்பில் மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான்: "எத்தனை முறை கழுவினாலும் பாசி திரும்ப வருகிறதே, என்ன செய்வது?" வங்கியில் கணக்கு எழுதியவன் என்பதால் வரவு செலவாகவே சொல்கிறேன்.

பாசிக்கு வேண்டியது இரண்டு: வெளிச்சம், சத்து. மாடியில் மூடி போட்ட தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிப்பதில்லை. வெயில் படும் கோயில் குளம் பச்சையாகிறது. மீன் தின்றது போக மிஞ்சும் தீவனமும் மீனின் கழிவும் நைட்ரேட், பாஸ்பேட்டாகத் தண்ணீரில் சேர்கின்றன. இது வரவு. இதைச் செலவழிக்க வேறு ஆள் இல்லையென்றால் பாசி எடுத்துக்கொள்ளும்.

எனவே தொட்டியை ஜன்னல் வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். தீவனம், 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். வளர்ந்த மீன்களுக்கு வாரத்தில் ஒரு நாள் தீவனம் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

தொட்டியை முழுதாகக் காலி செய்து கழுவாதீர்கள். மீன் கழிவிலுள்ள அமோனியாவை மாற்றித்தரும் நல்ல பாக்டீரியா ஃபில்டரிலும் கற்களிலும்தான் இருக்கிறது. முதலில் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு, வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். 60 லிட்டர் தொட்டிக்கு 15 லிட்டர். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். வேலம்பாசி போன்ற நீர்ச்செடி வைத்தால் சத்தை அது செலவழித்துவிடும். புதுத் தொட்டியில் பழுப்பாகப் படிவது சில வாரங்களில் பெரும்பாலும் தானே குறையும்.

மயில்துத்தம், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். மீனுக்கு அவை விஷம். தவிர, செத்த பாசி மொத்தமாக அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மூச்சுத் திணறும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாசியைத் தின்னும் என்று சொல்லி, 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் கடையில் சக்கர் மீன் தருவார்கள். வாங்கும்போது 2 அங்குலம். வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும். அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். பெரிதானதும் பாவம் என்று ஏரியில் விட்டுவிடுகிறோம். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது பாவமாக முடிகிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியிருக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். நம் மீன்களின் இரையைப் பிடுங்கும். முள்ளால் வலையைக் கிழிக்கும். வாலிகண்டபுரம் பக்கத்து ஏரிகள் மழையை நம்பியவை. அவற்றில் மீன் குத்தகை எடுத்துப் பிழைப்பவர்களுக்கு இது நேரடி நஷ்டம்.

ஆகவே தொட்டி மீனையோ செடியையோ ஏரி, குளம், வாய்க்காலில் விடாதீர்கள். வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையில் திருப்பிக் கேளுங்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு மீன் இருந்தால் சங்கத்தில் சொல்லுங்கள், சேர்ந்து இடம் தேடுவோம்.