நடையும் நினைவாற்றலும்



பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர்களை, “இனி உட்கார்ந்தே இருங்கள்” என்கிறோம். அது சரிதானா?

மூளையின் நரம்பணுக்களைப் பேணும் புரதம் ஒன்று உண்டு. பி.டி.என்.எஃப். என்பது அதன் பெயர். 1982இல் ஜெர்மனியில் பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். அது இரத்தத் தட்டணுக்களிலும் தங்கியிருக்கும். இரத்தம் உறையும்போது வெளிப்படும். ஆகவே, பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் இரத்தம் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 120 முதியோருள் பாதிப்பேர் ஓராண்டு, வாரம் 3 நாள், 40 நிமிடம் வரை நடந்தனர். அவர்களுடைய மூளையில் நினைவுக்குரிய பகுதி 2 விழுக்காடு வளர்ந்தது. கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோருக்குச் சுருங்கியது. நடந்தவர்களுள் இப்புரதம் மிகுந்தோருக்கு வளர்ச்சியும் மிகுந்தது.

இரத்தத்தை அளப்பது ஆய்வாளர் வேலை. மாலையில் தாத்தா பாட்டியோடு நடப்பது நம் வேலை.